ஊதாப் பட்டை

நாள் 611. காலை 7.10
கீழ்ப்பள்ளம் நிலையம், செவ்வாய்

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, முதலிலேயே ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். இனி நீர் படிக்கப்போவதை நீர் நம்பமாட்டீர். நம்பினால் அது உம்முடைய பொறுப்பு. என் கூடப்பிறந்த அக்காவே, நான் மழை வருகிறது என்று சொன்னால் வடகத்தை எடுத்து மொட்டைமாடியில் காயப்போடுகிறவள்.

நான் டாக்டர் கோமதிநாயகம். வேதியியல். ஊர் சங்கரன்கோவில். இன்றைய தேதிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் மொத்த மக்கள்தொகையும் நானே. ஆகவே இக்கிரகத்தின் சக்கரவர்த்தி, எதிர்க்கட்சித் தலைவர், குழாய் அடைப்பு எடுப்பவர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் சுமந்து வருகிறேன்.

காற்றழுத்தம்: சரி. மின்சாரம்: சரி.
குளிர்: வெளிக்கதவுப் பக்கம் தும்மினேன். தும்மல் உறைந்து தரையில் விழுந்து உடைந்தது. பெருக்கித் தள்ளினேன்.
தூசிப்புயல்: கத்தியால் துண்டு போட்டு அடுக்கினால் வீடு கட்டலாம். திண்டு வைத்த சோபா ஒன்று மட்டும் செய்து பார்த்தேன்.
கீரைத் தொட்டி: அரைக்கீரை அமோகம். நேற்று என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. கேட்டால் முறைக்கிறது.

பணி: பனித்துளையில் கிடைத்த பச்சைப் படலத்தின் நிறமிகளைப் பிரித்து அடையாளம் காண்பது. படலத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஆவுடைச்செல்வி, தாவரவியல். என் மனைவி. நிலையத்துக்கு வடக்கே கற்குவியலின் கீழே இருக்கிறாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

இந்தப் பத்தியில் வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

நாள் 611. மாலை 4.30

செய்முறை, தெரியாதவர்களுக்காக. படலத்தைக் கல்வத்தில் போட்டு அசிட்டோன் ஊற்றி அரைத்தால் பச்சைச் சாறு வரும். நீளமான தாள் துண்டின் அடியில் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் நடுவில் சாற்றால் ஒரு சிறு பொட்டு. காய்ந்ததும், தாளின் கீழ்நுனி மட்டும் கரைப்பானில் நனையும்படி ஜாடிக்குள் தொங்கவிட வேண்டும். கரைப்பான் தாளில் ஏறும், நிறமிகளையும் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு நிறமியும் அதனதன் உயரத்தில் தங்கிவிடும். ஒரே பச்சை என்று நாம் நினைத்தது நாலு பட்டையாகப் பிரிந்து நிற்கும். வெளிச்சம் பட்டால் நிறமி கெட்டுவிடும் என்பதால் இத்தனையும் இருட்டறையில், மங்கலான பச்சை விளக்கில். அந்த விளக்கில் என் முகமே வெண்டைக்காய் மாதிரி இருக்கும்.

சுவரில் ஆவுடை எழுதி ஒட்டிய அறிவிப்பு இன்னும் இருக்கிறது: “கோடு பென்சிலில் மட்டும். பேனா எடுக்கும் கையை ஒடிப்பேன்.” கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பேனா எடுத்த மாணவன் ஒருவனைத் தென்காசி வரை துரத்திக்கொண்டு போனாள். (துரத்தியது நிஜம். வாசல் வரைதான்.)

கோடு போட்டு ரப்பர்பேண்டில் கட்டி வைத்த தாள்கட்டு ஒன்றை விட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வேலை மிச்சம். நாளை மறுநாள் தொடங்குகிறேன்.

நாள் 613. காலை 9.00

கப்பல் மேலே வந்துவிட்டது. கேப்டன் முத்துப்பேச்சி, என் அக்கா மகள். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவள், இன்று என்னை ஏற்றிப்போக வந்திருக்கிறாள். புயலால் படம் கருப்பு வெள்ளையில்தான் வருகிறது. குரல் தெளிவு.

“மாமா, சாப்ட்டீயளா?”
“சக்கரவர்த்திய அப்படியா கேக்கது? போஜனம் ஆச்சான்னு கேளுட்டி.”
“போஜனம் ஆச்சா? ஆச்சுன்னா மூட்டையக் கட்டுங்க. நிலையத்த மூடச் சொல்லிட்டாவ.”
“அந்தப் படலம்?”
“அதுக்குத்தான் ஒரு வாரம் வாங்கியிருக்கேன். ஒலகத்துச் செடில இல்லாத நிறமி ஒண்ணாவது அதுல இருந்துச்சுன்னா நிலையம் தொறந்திருக்கும், புது ஆளுங்க வருவாவ, நீங்களும் இருக்கலாம். இல்லன்னா எல்லாத்தையும் அணைச்சிட்டு வந்துரணும்.”

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னொண்ணு மாமா. எங்க கப்பல் டாக்டர் கேக்காவ. அத்தைக்குக் கடைசில கண்ணு மங்கிருச்சா? மூளைல கட்டி இருந்த எடம் அப்படியாம்.”
“ஆவுடைக்கா? நாப்பது அடி தள்ளி நின்னு என் சட்டைல பருக்கை ஒட்டியிருக்குன்னு சொல்லுவா.”
“சரி சரி. ‘இல்ல’ன்னு எழுதிக்கிடுதேன்.”

இணைப்புத் துண்டிப்பு 9.14.

அணைத்துவிட்டு வருவது. விளக்கை, காற்றை, சூடேற்றியை. அப்புறம் இந்தக் கிரகத்தில் ஒரு கற்குவியல் மட்டும். பக்கத்தில் ஒரு சின்ன விளக்குகூட இல்லாமல்.

அந்த நிறமி இருந்தாக வேண்டும்.

நாள் 614. பிற்பகல் 2.45

புண்ணியவானே, உட்கார்ந்துகொள்ளும்.

தாளை உலர்த்தி இருட்டறையிலிருந்து வெள்ளை விளக்குக்குக் கொண்டுவந்தேன். மேலே கரோட்டின், ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதற்குக் கீழே சாந்தோஃபில், எலுமிச்சை. பிறகு பச்சையம் ஏ, நீலம் கலந்த பச்சை. அடியில் பச்சையம் பி, இளம்பச்சை. நாலும் நடுவில், பொட்டு வைத்த இடத்துக்கு நேர் மேலே, அடக்க ஒடுக்கமாக.

இவற்றுக்கெல்லாம் கீழே, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கம்பளம் விரித்தாற்போல் ஒன்று.

ஊதா.

பூமியில் எந்தக் கீரைக்கும் இந்த யோகம் கிடையாது! இன்னொரு தாள் எடுத்து ஓட்டினேன். அதே ஊதா. இன்னொன்று. அதே. நான் போட்ட கூச்சலில் தூசிப்புயல் பயந்து ஒரு நிமிடம் நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வடக்கே ஓடினேன். அவளிடம் போய்ச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.

நாள் 615. காலை 10.20

தலைமையகத்திலிருந்து வந்தது, அப்படியே:

“தங்கள் முடிவுகள் கிடைத்தன. நிலையத்தை மூடும் உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. புதிய நிறமிக்குக் கண்டுபிடிப்பாளரின் நினைவாக ‘ஆவுடை ஊதா’ என்ற பெயர் பதிவு செய்யப்பட்டுள்ளது. வாழ்த்துகள்.”

பேச்சியிடமிருந்து:

“மாமா! எங்கம்மா அழுதுக்கிட்டே இருக்கா. ‘என் தம்பி மொதத் தடவையா நெசத்தச் சொல்லிட்டான்’ங்கா. மெய்யாலுமே ஊதாவா மாமா? கத இல்லயே?”
“ஏட்டி, உங்க அத்தை மேல சத்தியம்.”

சத்தியம் செய்தேன். பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

நாள் 617. காலை 11.00

ஓட்டி ஓட்டி, ஆவுடையின் தாள்கட்டில் ஒரே ஒரு தாள் மிச்சம். அதை எடுத்து வைத்துவிட்டு, புதுத் தாள்களில் நானே பென்சிலால் கோடு போட்டு ஓட்டினேன்.

ஊதா இல்லை.

சாறு பழசாகியிருக்கும். புதிதாக அரைத்தேன். இல்லை. கரைப்பான் கெட்டிருக்கும். புதுப் புட்டி திறந்தேன். இல்லை. வேறு ஜாடி. இல்லை. மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு. நாலும் நாலு சமர்த்துப் பிள்ளைகளாக நிற்கின்றன, ஐந்தாவது பிள்ளை எங்கே என்று என்னையே கேட்கின்றன.

பக்கத்தில் நம் தொட்டியின் அரைக்கீரைச் சாற்றையும் ஒரு தாளில் ஓட்டிப் பார்த்தேன். பட்டைக்குப் பட்டை அதே உயரம். தொட்டியின் கழிவுத்தண்ணீர்க் குழாய் போவதும் பனித்துளைப் பக்கம்தான்.

நாள் 617. பிற்பகல் 3.40

பழைய தாள்களை வெள்ளை விளக்கில் வரிசையாக வைத்தேன்.

நாலு பட்டையும் நடுவில் நிற்கின்றன. பொட்டு நடுவில் இருந்ததால். ஊதா மட்டும் ஓரத்திலிருந்து ஓரம் வரை. பொட்டிலிருந்து வந்திருந்தால் அதுவும் நடுவில்தானே நிற்கவேண்டும்? ஓரத்திலிருந்து ஓரம் வரை தாளில் இருந்தது ஒன்றே ஒன்று.

கோடு.

பென்சில் கோடு கரையாது. வைத்த இடத்தில் கிடக்கும். பேனா மை கரைப்பானில் கரைந்து, நிறமிகளோடு தானும் ஒரு நிறமி என்று ஏறிவிடும். அதற்காகத்தான் அந்த அறிவிப்பு. அதற்காகத்தான் அந்தப் பையனை வாசல் வரை துரத்தினாள்.

மிச்சமிருந்த ஒற்றைத் தாளை விளக்கின் கீழ் கொண்டுவந்தேன். ஊதாக் கோடு. குப்பிகளில் பெயர் எழுத அவள் வைத்திருந்த ஊதாப் பேனா. இருட்டறையின் பச்சை விளக்கில் ஊதாவும் பென்சிலும் ஒரே கருப்பு. அதனால் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு?

அவள் இருட்டறையில் கோடு போடவில்லை. சாப்பாட்டு மேசையில் போட்டாள். வெள்ளை விளக்கில். எனக்கு நேரெதிரே. நான் குற்றால அருவியைத் தொட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் கோடு போட்டது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என் கதையில் அவ்வளவு லயிப்பு என்று நினைத்தேன்.

கோடு சாய்ந்திருக்கிறது. ஒன்றின் மேல் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். ஆவுடை. அளவுகோல் இல்லாமலே நேராகப் போடுகிறவள்.

நாள் 618. காலை 6.15

வேலை நேரத்தில் அவள் எப்போதும் ஒலிப்பதிவைப் போட்டு வைப்பாள். நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷத்துப் பதிவு:
“கரோட்டின், ஆரஞ்சு. சாந்தோஃபில், மஞ்சள். ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன், ரெக்கார்டு ஆகுதுல்லா.”

கடைசி மாதங்களின் பதிவு:
“ஏங்க, மேல நிக்கது என்ன நெறம்?”
“ஒங்கண்ணன் நம்ம கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்தானே, அந்தச் சட்டை.”
“ஐயோ, அந்தக் கண்றாவியா!” சிரிப்பு. “சரி. கரோட்டின். அதுக்குக் கீழ?”
“காமாலை வந்த எலுமிச்சம்பழம்.”
“சாந்தோஃபில். அப்புறம்?”
“மயிலு கழுத்து. சாதா மயிலுன்னு நெனச்சிராத, மந்திரி வீட்டு மயிலு.”
“மந்திரிய விடுங்க. பச்சையம் ஏ. கடைசில?”
“வாழக்குருத்து. அதுவும் நேத்துதான் பொறந்த குருத்து.”
“பச்சையம் பி. குறிச்சாச்சு.”

அந்தக் கடைசி மாதங்களின் ஒவ்வொரு பதிவிலும் இப்படித்தான். ஒரு இடத்தில்கூட எனக்கு முன்னால் அவள் நிறத்தைச் சொல்லவில்லை. ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றையும் தேடிவிட்டேன்.

விளையாட்டு என்று நினைத்தேன். என் கதைக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என் கண்ணை வைத்துப் பட்டைகளைப் பார்த்திருக்கிறாள். என் புளுகைக் கழித்துவிட்டு மிச்சத்தை அறிவியலாக எழுதியிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாமே ஆவுடை.

சொல்லியிருந்தால் நான் கதை சொல்வதை நிறுத்தியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “இது மஞ்சள் ஆவுடை, இது பச்சை ஆவுடை” என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே அலைந்திருப்பேன்.

ஒன்று மட்டும் அரிக்கிறது. அந்தச் சிரிப்பும் வேலைக்காகத்தானா?

நாள் 618. பிற்பகல் 1.00

யாருக்கும் தெரியாது.

கடைசித் தாளை எரித்துவிட்டால் போதும். ‘ஆவுடை ஊதா’ புத்தகங்களில் நிற்கும். நிலையம் நிற்கும். வடக்கு ஜன்னலில் நான் விளக்கு வைப்பேன். உலகத்தையே ஏமாற்ற எனக்குத் தகுதி இருக்கிறது, ஆயுள் முழுக்கப் பயிற்சி எடுத்தவன். இத்தனை பெரிய பொய், இத்தனை சுலபமாக, அதுவும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

தீக்குச்சி இங்கே கிடையாது. அடுப்புச் சுருளைப் போட்டேன். சிவந்தது.

பேனாக் கோடு. ஆவுடையின் பெயரில், எல்லாக் காலத்துக்கும், ஒரு பேனாக் கோடு.

கையை ஒடித்துவிடுவாள்.

அடுப்பை அணைத்தேன்.

நாள் 618. பிற்பகல் 1.50

“பேச்சி, அது நிறமியில்ல. பேனா மை. அந்தப் படலம் நம்ம கீரைத் தொட்டிக் கழிவுத்தண்ணி கசிஞ்சு துளைக்குள்ள வளந்த பாசி.”
“மாமா, வெளையாடாதீய.”
“வெளையாடல.”
“ஆவுடை அத்தையாவது பேனா எடுக்கதாவது! கத விட வேற ஆளப் பாருங்க. வீட்டு நெனப்பு வந்துட்டுன்னா நேரா சொல்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுக்காக அத்தை பேரக் கெடுக்கணுமா?”
“அவளுக்குக் கண்ணு தெரியலட்டி.”



“நீங்கதான ‘இல்ல’ன்னு சொன்னீய.”
“நான் சொன்னத நீ எப்ப நம்பியிருக்க? அத மட்டும் எதுக்கு நம்புன?”

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். கருப்பு வெள்ளையில் சரியாகத் தெரியவில்லை.

“மாமா, நான் நம்புதேன். ஆனா நீங்க சொன்னா தலைமையகத்துல நம்பமாட்டாவ. நீங்களே பேனாவால கோடு போட்டு ஏமாத்துதீயன்னுதான் சொல்லுவாவ. அத்தை போட்ட கோடு எதுவும் மிச்சம் இருக்கா?”
“ஒண்ணு இருக்கு.”
“பொட்டு வைக்காம வெறுந்தாளா ஓட்டிக் காட்டுங்க. பதிவாகட்டும்.”

ஓட்டினால் கோடு கரைந்துவிடும். அவள் கை பட்ட கடைசிக் கோடு. பேச்சிக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள், கேப்டன் அல்லவா. அக்கா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

நாள் 618. பிற்பகல் 3.20

சாறு வைக்கவில்லை. வெறுந்தாள். ஜாடியில் தொங்கவிட்டேன். இருட்டறை வேண்டியதில்லை. கெடுவதற்கு அதில் நிறமி இல்லை.

கரைப்பான் கோட்டைத் தொட்டது. கோடு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அசைந்தது. சாய்வு சாய்வாகவே, இரண்டு தடவை போட்ட இடம் கொஞ்சம் கனமாக, மெதுவாக மேலே ஏறியது.

“மாமா, இங்க எல்லாம் கருப்பாத்தான் தெரியுது. பதிவுல சொல்லணும். என்ன நெறம் மாமா?”

வாயைத் திறந்தேன். மந்திரி வீட்டு மயில், மச்சான் சட்டை, சங்கரன்கோவில் தேர்ச்சீலை, எல்லாம் வாசலில் வரிசையாக வந்து நின்றன.

“ஊதா.”
“ஊதான்னா?”
“வெறும் ஊதாட்டி.”
“அவ்வளவுதானா மாமா?”
“அவ்வளவுதான்.”

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று.

“பதிவாயிட்டு,” என்றாள்.

நாள் 621. காலை 8.00

உத்தரவு வந்துவிட்டது. பெயரை நீக்கிவிட்டார்கள். பேச்சி இறங்கு கலத்தோடு வெளியே நிற்கிறாள். சூடேற்றி அணைத்தாயிற்று. கீரையைப் பறித்துவிட்டேன். கடிகாரம் கிடைக்கவில்லை.

வடக்கே போய்விட்டு வந்தேன்.

காற்று இயந்திரம் அடுத்தது. பிறகு விளக்கு. இந்தப் பதிவும் அதோடு

நாள் 621. காலை 8.40

இன்னும் கொஞ்சம் மின்சாரம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

புண்ணியவானே, தும்மல் உடையவில்லை. தூசியில் சோபா செய்யவில்லை. கீரை என்னை முறைக்கவில்லை. கடிகாரத்தை நான்தான் எங்கோ தொலைத்தேன். செவ்வாயில் புதிய நிறமி கிடையாது, நான் சக்கரவர்த்தியும் இல்லை. சொன்னேனே, நம்பவேண்டாம் என்று.

மூட்டை கட்டும்போது கடைசி ஒலிப்பதிவைக் கேட்டேன். முன்பு தேடியபோது நிறங்கள் முடிந்ததுமே நிறுத்திவிட்டேன். நாலு நிறமியும் சொல்லியாகிவிட்டது. “குறிச்சாச்சு” என்றும் சொல்லிவிட்டாள். பதிவை அணைக்கக் கை நீட்டும் சத்தம். அணைக்கவில்லை. பிறகு:

“ஏங்க. அந்தச் சட்டை என்ன நெறம்? இன்னொரு தடவ சொல்லுங்க.”

நான் சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

வேலை முடிந்த பிறகும் கேட்டாள். இந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.